எஃபி பார்த்த முதுகுகளும் ஒரு நாக்கும்

எஃபி டாய்க் பிட்காரி ஊர் ஆண்களில் பாதிப் பேருடைய முதுகை அழுத்திப் பார்த்தவள். அவற்றில் ஒரு முதுகின்மேலும் அவளுக்கு மரியாதை வந்ததில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி சிறியது. பன்னிரண்டு கட்டில், ஒரு எக்ஸ்ரே இயந்திரம், பின்பக்கம் கடலைப் பார்த்த ஓர் அறை. அந்த அறையில் எஃபி இருபத்தாறு வருடம் பிடித்துக்கொண்ட மூட்டுகளையும் சுளுக்கிய தசைகளையும் பிசைந்துகொண்டிருந்தாள். முன்மேசையில் பேர் எழுதிக்கொள்வது என் வேலை. எங்களுக்கு நடுவே இருந்தது வெறும் பலகைச் சுவர்தான். அவள் திட்டுவது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்கும். அடுத்தடுத்த வீடு வேறு. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஜெபக்கூடம். ஆகவே அவளைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பாலானவை கண்ணால் கண்டவை. மற்றவை சுவர் வழியே கேட்டவை.

திங்கட்கிழமை கால்ஃப் நாள். சனிக்கிழமை ஆடியவர்கள் ஞாயிறு முழுக்க நிமிர முடியாமல் கிடந்துவிட்டுத் திங்கள் காலை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வருவார்கள். ஈரக் கம்பளியும் வலித் தைலமும் கலந்த ஒரு வாடை அவர்களுக்கு முன்னால் வரும். எஃபி மூக்கைச் சுளித்துக்கொண்டே படுக்கையைக் காட்டுவாள்.

"காரை நிறுத்தினே. பூட்ஸைக் கட்டினே. நேரா போய் இருக்கறதிலேயே நீட்டு மட்டையை எடுத்து வீசினே. சரியா?"

"ஆமா எஃபி."

"உன் நாய்கூட எழுந்ததும் நாலு காலையும் நீட்டி முறிச்சிட்டுத்தான் வாசலைத் தாண்டுது."

அவள் சொன்ன வழிகள் எல்லாம் எளியவை. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் வேகமாக நட. சின்ன மட்டையை எடுத்து அரை வீச்சு வீசிப் பார்த்துவிட்டு அப்புறம் பெரியதைத் தொடு. பந்தை எடுக்க இடுப்பை மடக்காதே, முழங்காலை மடக்கு. மட்டையைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிக்காதே. பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டாதே. பந்து வருகிறது என்று தூரத்தில் யாராவது கத்தினால் தலையைக் கையால் மூடிக் குனி. கத்தியது யார் என்று திரும்பிப் பார்க்காதே. அப்படித் திரும்பிப் பார்த்து முன்பல்லைக் கொடுத்தவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர் உண்டு.

யாரும் கேட்கவில்லை. முதல் அடிக்கு முன்னால் கையைக் காலை ஆட்டுகிறவன் ஜெயிக்க ஆசைப்படுகிறான் என்று அர்த்தம். ஆசை வெளியே தெரிவதை பிட்காரி மன்னிப்பதில்லை. குளிர்காற்று கடலிலிருந்து கத்தி மாதிரி வீச, கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டு, இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்ற முகத்தோடு வந்து ஓங்கி அடிக்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டால் திங்கட்கிழமை எஃபி இருக்கிறாள்.

குளிர்காலத்தில் இன்னும் மோசம். புல் கெட்டுவிடக் கூடாது என்று ஆளுக்கொரு செயற்கைப் புல்துண்டைக் கொண்டுபோய்ப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார்கள். அடியில் மண் உறைந்து கல்லாகியிருக்கும். மட்டை அதில் மோதும்போது அதிர்வு முழுக்க முழங்கையின் உள்பக்கத்தில் போய் உட்காரும். "புல்லுக்கு வலிக்கக் கூடாதுன்னு கையை ஒடைச்சுக்கிற ஜாதி," என்பாள் எஃபி. இதைச் சொல்லும்போது அவள் முகம் பூனை கக்கியதைக் கூட்டி அள்ளும் முகமாக இருக்கும்.

அவள் புருஷன் ஆர்ச்சியும் அந்த ஜாதிதான். ஆனால் வீட்டுக்குள் அவரைப்போலச் சுத்தமான ஆளைப் பார்க்க முடியாது. தச்சு வேலை. மாலையில் வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்காலியைத் தொடமாட்டார். பேசுவது குறைவு. பதினாறு வயதில் மதுவைத் தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர். கல்யாண விருந்தில்கூட எலுமிச்சைச் சாறு. காரணம் எல்லோருக்கும் தெரியும். அவருடைய அப்பா எக் டாய்க் குடித்தே செத்தவர் என்பது ஊர் நம்பிக்கை. மீன்பிடிப் படகில் வேலை, சனிக்கிழமை கால்ஃப், நாற்பத்தேழு வயதில் மஞ்சளாகிச் சாவு. அதை யாரும் ஆர்ச்சியிடம் நேராகச் சொன்னதில்லை. ஆனால் ஜெபக்கூடத்தில் மதுவைக் கண்டித்துப் பிரசங்கம் நடக்கும்போது நாலு தலையாவது அவர் பக்கம் திரும்பும்.

எண்பத்தேழாம் வருடம் மே மாதத்தில் ஆர்ச்சியின் கண்வெள்ளை மஞ்சளானது.

முதலில் அரிப்பு. சமையலறைக் கதவுநிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்பார், வேலியில் உரசும் மாடு மாதிரி. பிறகு பசி போனது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போவதாக எஃபியிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாராம். எடின்பரோவிலிருந்து புதிதாக வந்திருந்த டாக்டர் லெய்ட்லா ரத்தம் எடுத்தார். தொற்று எதுவும் இல்லை. கல்லீரல் மட்டும் வீங்கியிருக்கிறது என்றார். எஃபி கூடவே உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு குடிப்பீங்க, மிஸ்டர் டாய்க்?"

"குடிக்கிறதில்ல."

"சரி, வாரக் கடைசியில மட்டும்?"

"குடிக்கிறதில்ல, டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடினார். "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. உங்க ரத்தம் வேற சொல்லுது. இப்படியே போனா ரெண்டு வருஷம். நிறுத்தினா இருபது."

டாக்டர் எழுதிய சீட்டு என் மேசை வழியாகத்தான் போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொட்டி வாங்கப் போனால் அதுவே செய்தி.

வியாழக்கிழமை கிப் ரென்னி அவர்கள் வீட்டுக்கு வந்தார். மீன்கடைக்காரர், ஜெபக்கூடத்தின் மூப்பர்களில் பெரியவர், தாழ்ந்த குரலில் பேசுகிறவர். தேநீர் வேண்டாம் என்றார். ரத்தம் சரியாகும்வரை பிரதர் டாய்க் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது என்றார். எங்கள் சபையில் ஞாயிறுதோறும் ஒரே அப்பமும் ஒரே கிண்ணமும் கைமாறி வரும். பின்பெஞ்சு என்றால் அவை அங்கே வராது. ஊர் பார்க்க வந்த விருந்தாளிகளும் சின்னப் பிள்ளைகளும் உட்காரும் இடம். முப்பத்தெட்டு வருடம் முன்னால் உட்கார்ந்த ஆர்ச்சி அந்த ஞாயிறு கதவோரம் உட்கார்ந்தார், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு. சாவைப் பற்றி டாக்டர் சொன்னதற்கு அவர் கலங்கவில்லை. இதற்குக் கலங்கினார். வெளியே வரும்போது, "குடிகாரன் மகன்னுதானே நெனைக்கிறாங்க," என்று எஃபியிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

எஃபியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பின்னாளில் என்னிடம் சொன்னாள், ஆர்ச்சி வேலைக்குப் போன நேரத்தில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதாக. கழிவறைத் தண்ணீர்த்தொட்டிக்குள் கைவிட்டாளாம். பட்டறையில் வார்னிஷ் டின்கள், பசை டின்கள் ஒவ்வொன்றையும் திறந்து மோந்தாளாம். கிடைத்தவை கடித்துக் கூழாக்கிய மரக்குச்சிகள்தான், பந்தைத் தாங்க மண்ணில் குத்துவார்களே அவை, கோட்டுப்பை நிறைய. அதை வாயில் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் நடக்கிறார் என்று போய்க் கையைக் கழுவினாளாம். அதோடு விட்டுவிட்டாள். ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்து வந்து நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஆர்ச்சி தூங்கியபோது குனிந்து அந்த வாயையும் மோந்து பார்த்தாள். சாராய வாடை இல்லை. சாக்கடையில் ஊற்றும் மருந்து மாதிரி ஒரு வாடை. என்னவென்று பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில் ஆர்ச்சியின் வலது முழங்கை கெட்டிருந்தது. குளிர்காலம் முழுக்க உறைந்த மண்ணில் அடித்ததன் பலன். தேநீர்க் கோப்பையைத் தூக்கினால் முகம் கோணும். ஆறு வாரம் மட்டையைத் தொடாதே என்றாள் எஃபி. மூன்று வாரம் பொறுத்தார். தொழிலாளர் கிளப்பின் ஜோடி ஆட்டப் போட்டி வந்தது. இரண்டு பேருக்கு ஒரே பந்து, மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அவர் கூட்டாளி வில் ஸ்பிங்க். முப்பது வருட ஜோடி. தான் வராவிட்டால் வில்லும் ஆட முடியாதே என்றார். எஃபி சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்: ஆடித்தான் தீருவேன் என்றால் ஆடு, பையை நீ தூக்கக் கூடாது, நான் தூக்குகிறேன்.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவள் அந்த மைதானத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஓரத்தில் துணி காயப்போடும் கம்பங்கள்வரை தினமும் போவாள். ஊர்ப் பெண்களுக்கு அங்கே பழைய உரிமை. அதைத் தாண்டியதில்லை. போனதும் அவள் கண்ணில் பட்டவை முயல் புழுக்கை, கடற்காக எச்சம், காலையில் நடக்கப் போன நாய்கள் விட்டுப்போனவை. இதன்மேல்தான் பந்து உருண்டு போகிறது. கணுக்கால்வரை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாளாம்.

முதல் குழி. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருக்கும் புல்லைக் கிரீன் என்பார்கள். பந்து அங்கே வந்ததும் கையில் எடுத்துத் துடைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. துடைப்பதற்கென்றே எஃபி பையில் ஒரு துண்டு மாட்டியிருந்தாள். அதை நீட்டினாள். ஆர்ச்சி அதைப் பார்க்கவேயில்லை. பந்தை எடுத்தார், உதட்டருகே கொண்டுபோனார், நாக்கை நீட்டி ஒரு சுற்று நக்கினார். கால்சட்டையில் ஒரு தேய்ப்பு. கீழே வைத்தார்.

வெயில் கண்ணில் பட்டு ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தாளாம். இரண்டாவது குழியிலும் நக்கினார். மூன்றாவதில் பந்தில் ஒட்டியிருந்த பச்சையை நாக்கு நுனியில் எடுத்துத் துப்பிவிட்டு மறுபடி நக்கினார், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தை மாதிரி, அதே மும்முரத்தோடு. எஃபி வில்லைப் பார்த்தாள்.

வில் தோளைக் குலுக்கினார். "முப்பது வருஷமா நனைஞ்ச பந்தைத்தான் அடிக்கிறேன். பழகிடுச்சு."

"நீயும் நக்குவியா?"

"ஒரே பந்துதானே. ரெண்டு பேர் எதுக்கு?"

ஏழாவது கிரீனில் புல் பார்க்கும் ஆள் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துக்கொண்டிருந்தார். இவர்கள் வந்ததும் மரியாதையாக ஒதுங்கி நின்றார். ஈரம் காயாத புல்லின்மேல் பந்து உருண்டது. ஓரத்தில் ஒரு பலகை: இன்று மருந்து அடிக்கப்பட்டுள்ளது, நாய்களை அழைத்து வரவேண்டாம். எஃபியின் மூக்கில் அந்த வாடை ஏறியது. சாக்கடை மருந்து. நாற்காலியில் திறந்து கிடந்த வாய்.

அவள் பையைக் கீழே போட்டுவிட்டுப் போய் அந்த ஆளிடம் என்ன மருந்து என்று கேட்டாள். களைக்கொல்லி, வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றார். நாய்க்கு என்ன ஆகும் என்றாள். காலை நக்கும் இல்லையா, வாந்தி எடுக்கும், ரொம்ப நாள் நக்கினால் ஈரல் போய்விடும் என்றார். பிறகு அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்று சேர்த்துச் சொன்னார்.

"இது எவ்வளவோ பரவாயில்லம்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல மண்புழுவுக்கு ஆர்சனிக் பொடி தூவுவாங்க. புழுவைக் கொத்தின கடற்காகம் மறுநாள் காலையில வரிசையா செத்துக் கிடக்கும்."

"அது எப்போ?"

"போருக்கு முன்னாலயும் பின்னாலயும். நாப்பதுகள்ல எல்லாம் அதுதான்."

அவள் திரும்பிப் பார்த்தபோது ஆர்ச்சி அதே கிரீனில் பந்தை நக்கிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியும்வரை அவள் எண்ணிக்கொண்டு மட்டும் வந்தாள். பதினெட்டுக் குழியில் பதினாறு. அவர்கள் ஜெயித்தார்கள்.

நான் அன்று மாலை முட்டை கடன் வாங்கப் போயிருந்தேன். சமையலறையில் நான் நிற்பதை இரண்டு பேருமே பொருட்படுத்தவில்லை. எஃபி மருந்து டின்னில் இருந்த பேரை உள்ளங்கையில் எழுதி வந்திருந்தாள். கையை ஆர்ச்சியின் முகத்துக்கு நேரே நீட்டிச் சொல்லி முடித்தாள். ஆர்ச்சி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

"எச்சில் பட்டாத்தான் பந்து வழுக்காம நேரா போகும். எங்க அப்பா சொல்லிக்கொடுத்தது. அவரும் எல்லாக் குழியிலயும் நக்குவாரு."

எஃபி கையை இறக்கினாள்.

"உங்க அப்பா எதனால செத்தாரு, ஆர்ச்சி?"

"எதனாலன்னு ஊருக்கே தெரியும்."

"அவர் குடிச்சு நீ பார்த்திருக்கியா?"

"ஒளிச்சுக் குடிச்சாரு."

"பாட்டில் பார்த்தியா? தள்ளாடிப் பார்த்தியா? மஞ்சளா ஆனதைத்தானே பார்த்தே." அவள் குரல் உயரவில்லை. "நான் இந்த வீட்டையே புரட்டிப் பார்த்தேன். நீ தூங்கறப்போ உன் வாயை மோந்தேன். உன்கூட இருபத்தொம்பது வருஷம் இருந்த நானே உன்னைக் குடிகாரன்னு நெனச்சேன். அவரை அப்படி நெனைக்க ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?" பிறகு ஆர்சனிக்கைச் சொன்னாள், கடற்காகங்களைச் சொன்னாள்.

ஆர்ச்சி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் சவப்பெட்டியைக் குழியில் இறக்க எட்டுக் கயிறு. எட்டு ஆண்கள் பிடிக்க வேண்டும்.

"அப்பாவைப் புதைக்க என்னையும் சேர்த்து அஞ்சு பேர்தான்," என்றார். "மூணு கயிறு சேத்துல கிடந்துச்சு. தலைமாட்டுக் கயிறு மகனோடது. நான் பிடிக்க மாட்டேன்னு சொன்னேன். அம்மா எல்லார் முன்னாடியும் அறைஞ்சு கையில கொடுத்தா."

எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார். அங்கிருந்து ரம்பச் சத்தமோ சுத்தியல் சத்தமோ எதுவும் வரவில்லை. எஃபி எனக்கு முட்டையை எடுத்துக் கொடுத்தாள். "ஆம்பளைங்க வாயில என்னென்ன போடறாங்கன்னு பார்த்தியா," என்றாள். "தூ."

அதற்குப் பிறகு ஆர்ச்சி பந்தை நக்கவில்லை. எஃபி நம்பவில்லை, கோடை முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். பழக்கத்தில் கை தானாக உதட்டுக்குப் போகும், பாதியில் நிற்கும், துண்டுக்கு வரும். ஆட்டம் முடிந்ததும் கையைக் கழுவாமல் சாண்ட்விச்சைத் தொடவிடமாட்டாள். மரக்குச்சிகளை அடுப்பில் போட்டாள். இதற்கிடையே கிளப் செயலாளரைப் பார்க்கப் போனாள். பெண்களுக்கு உள்ளே இடமில்லை என்பதால் அவரே கால்மிதியடிவரை வந்து பேசினார். பந்தை நக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை, ஆகவே கிளப் தலையிட முடியாது என்றார். ஒரு உறுப்பினர் கொஞ்சம் அதிகமாகக் குடித்தால் அதையும் யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை, டாய்க் சங்கடப்பட வேண்டாம் என்றார். எஃபி அந்த மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு வெளியே வந்தாளாம், உள்ளே போகிறவர்கள் துடைப்பதுபோல.

ஜூலையில் அரிப்பு நின்றது. ஆகஸ்டில் கண் வெளுத்தது. செப்டம்பர் முதல் வாரம் ரத்தம் சுத்தம். டாக்டர் லெய்ட்லா காகிதத்தை இரண்டு தடவை படித்தார். எஃபி சொன்னதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். முன்னால் சொன்னதற்கு வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் மது காரணமில்லை என்று கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கடிதத்தோடு கிப் ரென்னியைத் தேநீருக்கு அழைத்தார்கள். எஃபி எதையும் பூசி மெழுகவில்லை. முயல் புழுக்கையிலிருந்து ஆரம்பித்தாள். கடற்காகம், நாய், தொட்டி, நாக்கு, ஒரு சுற்று, மறு சுற்று. ரென்னி பாதி கடித்த வெண்ணெய் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்.

"ஒவ்வொரு தடவையும்... எல்லாக் கிரீன்லயுமா, பிரதர்?"

"பெரும்பாலும்," என்றார் ஆர்ச்சி.

ரென்னி கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு முன்னால் வந்து உட்காரலாம் என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பினார். அடுத்த வாரம் முதுகுவலி, முழங்கைவலி என்று சாக்குச் சொல்லி வந்து, போகிற போக்கில் ரத்தமும் பார்த்துவிடலாமா என்று கேட்டவர்கள் பதினொரு பேர். பேர்களைச் சொல்ல மாட்டேன். அதில் ஒருவர் மீன் விற்பவர்.

ஞாயிறு வந்தது. ஆர்ச்சி இரண்டாவது பெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் எஃபி, மறுபக்கம் மிஸ் டாட்; தையல்கடை நடத்துகிற, கையுறை கழற்றாத மிஸ் டாட். நான் நேர் பின்னால். அந்த ஒரு வாரத்தில் கடிதத்தின் சேதியும் ஊர் முழுக்கப் போயிருந்தது, நாக்கின் சேதியும் போயிருந்தது.

அப்பம் போனது. பிறகு கிண்ணம் வந்தது. எங்களுடையது புளிக்காத திராட்சைச் சாறு. எஃபி குடித்து ஆர்ச்சியிடம் கொடுத்தாள். ஆர்ச்சி இரண்டு கையாலும் வாங்கினார். நாலு மாதத்துக்குப் பிறகு. கண்ணை மூடிக் குடித்துவிட்டு மிஸ் டாட்டிடம் நீட்டினார்.

மிஸ் டாட் சொந்தக் கைக்குட்டையை எடுத்தாள். விளிம்பை ஒரு சுற்றுத் துடைத்தாள். இன்னொரு சுற்று. மறுபடி ஒரு சுற்று. பிறகு உதட்டை மூடியபடியே கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய், ஒரு சொட்டுகூட உள்ளே போகாமல் இறக்கினாள். அவளுக்கு அடுத்திருந்தவர் வாங்கக் கையை நீட்டவில்லை; குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் மிஸ் டாட் கையில் அந்தரத்தில் நின்றது. குடிகாரன் என்று கிண்ணத்தை மறுத்தவர்கள், இப்போது குடிகாரன் இல்லை என்று தெரிந்ததும் அவர் தொட்ட கிண்ணத்தை மறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆர்ச்சியின் கழுத்தின் பின்புறம் சிவந்து ஏறுவதை நான் பார்த்தேன்.

எங்கள் கூடத்தில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. எஃபி திறக்கவில்லை. எழுந்தாள். ஆர்ச்சியின் முழங்காலைத் தாண்டிக் கையை நீட்டி மிஸ் டாட்டிடமிருந்து கிண்ணத்தை வாங்கினாள். ஆர்ச்சியின் உதடு பட்ட பக்கத்தைத் தேடித் திருப்பினாள். அந்தப் பக்கத்திலேயே வாயை வைத்து நீளமாகக் குடித்தாள், ஒரு வாய், இரண்டு வாய். விளக்கெண்ணெய் குடிக்கிற முகம். தொப்பியின் இறகு நடுங்கியது. பிறகு கிண்ணத்தை, துடைக்காமல், மிஸ் டாட்டின் கையில் வைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

முன்னாலிருந்து கிப் ரென்னி பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் இருமவில்லை. மிஸ் டாட் குடித்தாள். அவளுக்கு அடுத்தவர் புத்தகத்தை மூடிவிட்டுக் குடித்தார். பெஞ்சுக்குப் பெஞ்சு கிண்ணம் நகர்ந்தது. என்னிடம் வந்தபோது நானும் குடித்தேன். எஃபி உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். ஆர்ச்சி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கையை மட்டும் பெஞ்சின்மேல், அவள் கைக்கு ஒரு விரற்கடை தள்ளி வைத்திருந்தார்.

மூன்று பேரும் ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். வீட்டுக்கு வந்ததும் எஃபி தொப்பியைக்கூடக் கழற்றாமல் கொல்லைப்புறக் குழாயைத் திறந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு பிடி உப்பை வாயில் போட்டுக்கொண்டு, ஐந்து தடவை கொப்பளித்துத் துப்பினாள்.